1991இல் மூடிய கதவு: திண்டிவனமும் சார்ட்டர் பள்ளிகளும்

திண்டிவனத்தின் இரண்டு பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். ஒன்று, வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி. 1853இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்க ஸ்கடர் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அது இன்று அரசு உதவிபெறும் பள்ளி. இன்னொன்று, ரோசனையில் உள்ள தாய்த்தமிழ்ப் பள்ளி. திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கியது. அவரைக் கல்யாணி என்று சொன்னால்தான் ஊரில் பலருக்கும் தெரியும். முதல் பள்ளியின் ஆசிரியர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் வருகிறது. இரண்டாவது, பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் நன்கொடையை நம்பி நடக்கிறது. இரண்டையுமே அரசு நேரடியாக நடத்தவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டுமே இடம் தருகின்றன. அப்படியிருக்க ஒன்றுக்குப் பொதுப்பணம் கிடைத்து மற்றொன்றுக்குக் கிடைக்காமல் போவதற்குக் கற்பித்தலின் தரம் காரணமில்லை, பிள்ளைகளின் தேவையும் காரணமில்லை. தொடங்கிய ஆண்டுதான் காரணம். 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கும், பழைய பள்ளிகளில் அதன் பிறகு திறக்கப்பட்ட வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது என்பது தமிழ்நாட்டு அரசின் நிலைப்பாடு. அது பின்னர் சட்டத்திலும் ஏறியது.

அதே 1991இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் வேறொரு சட்டம் இயற்றியது. அரசு நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்கள் பொதுப்பணத்தைப் பெற்று, கட்டணம் வாங்காமல் பள்ளி நடத்தலாம். அதற்கு அவர்கள் காலவரம்புள்ள ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் சொன்னது நடக்காவிட்டால் பள்ளியை மூடலாம். அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. சார்ட்டர் பள்ளி என்ற வகை அங்கே பிறந்தது இப்படித்தான். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் சார்ட்டர் பள்ளிகள் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளின் எண்ணிக்கையும் எட்டாயிரத்துக்குச் சற்று மேல்தான்.

அமெரிக்கர்கள் 1991இல் கண்டுபிடித்ததாக நினைத்த ஏற்பாட்டில் பாதியை நாம் ஒன்றரை நூற்றாண்டாக நடத்திவருகிறோம். 1854ஆம் ஆண்டின் வூட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் தரச் சொன்னது. 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் அந்த வழியையே வலியுறுத்தியது. தென்னாற்காட்டில் மிஷன் பள்ளிகளும், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் திண்ணையிலோ தோப்பிலோ தொடங்கிய தொடக்கப் பள்ளிகளும் அந்த மானியத்தில்தான் உயிர் பிழைத்தன. அரசுப் பள்ளி எட்டிப்பார்க்காத சேரிகளில் முதல் கரும்பலகையை மாட்டியவை பெரும்பாலும் இவைதான். நம்மிடம் இல்லாதது ஏற்பாட்டின் மறுபாதி. பணம் கொடுத்தோம், எதற்காகக் கொடுக்கிறோம், எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறோம், எது நடக்காவிட்டால் நிறுத்துவோம் என்று எழுதிக்கொள்ளவில்லை.

இதை ஆசிரியர்கள் மீதான குறையாக யாரும் படித்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் மானியம் தாளாளர் கைக்கே போனது. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறொரு தொகை என்ற நிலையில் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் காலம் தள்ளினார்கள். ஆசிரியர் சங்கத் தலைவர் மாஸ்டர் இராமுண்ணியின் வழிவந்த ஆசிரியர் இயக்கங்கள் பல்லாண்டு போராடித்தான் நேரடிச் சம்பளமும் பணிப் பாதுகாப்பும் வந்தன. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அந்தப் பாதுகாப்புக்கு உருவம் கொடுத்தது: பள்ளிக் குழு ஆசிரியரை நியமிக்கும், கல்வி அலுவலர் ஒப்புதல் தருவார், ஒப்புதல் இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. நியாயமான சட்டம். ஆனால் அதற்குப் பிறகு அரசுக்கும் பள்ளிக்கும் இடையே நடக்கும் பேச்செல்லாம் பணியிடம் பற்றியதாகவே சுருங்கிப்போனது. ஆகஸ்ட் முதல் தேதி வருகைப் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள், அதன்படி எத்தனை ஆசிரியர், யார் உபரி, எந்தப் பள்ளிக்குப் பணிநிரவல் என்பதே ஆண்டுதோறும் நடக்கும் கணக்கு. ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறிய பிள்ளைக்கு ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல முடிகிறதா என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் இடமே இல்லை. நியமனத்துக்குப் பணம் கைமாறுகிறது என்ற பேச்சு ஊர்தோறும் உண்டு. அது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. ஆனால் நியமிப்பவருக்கு விளைவில் பங்கில்லை என்ற அமைப்பில் அந்த நோய்க்கு மருந்து கிடைப்பது கடினம்.

சார்ட்டர் பள்ளிகள் சாதித்தது என்ன?

இந்த யோசனையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஷங்கர். அவர் முதலாளி அல்லர். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் அன்றைய தலைவர். மாசசூசெட்ஸ் பேராசிரியர் ரே பட் முன்வைத்த கருத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களே கூடிப் புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் பள்ளிகள் வேண்டும் என்று 1988இல் பேசினார். ஏழை மாணவர்களுக்கு எது பலிக்கிறது என்று அங்கே கண்டுபிடித்து, அதை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே அவர் கனவு. சில ஆண்டுகளிலேயே இந்த ஏற்பாடு தனியார் நிறுவனங்களின் கைக்குப் போவதைக் கண்டு அவரே எதிர்ப்பாளராக மாறினார். இந்த வரலாறு நமக்கு முக்கியம். சார்ட்டர் என்றாலே தனியார்மயம் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. சார்ட்டர் என்றாலே தரம் என்று மறுதரப்பு துள்ளுகிறது. தொடக்கத்தில் அது ஆசிரியர் சங்கம் ஒன்றின் கோரிக்கை.

விளைவு கலவையானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களை ஆராய்ந்தபோது, சார்ட்டர் பள்ளிகளில் 17 விழுக்காடு மட்டுமே கணக்கில் பக்கத்து அரசுப் பள்ளிகளைவிட மேலாக இருந்தன. 37 விழுக்காடு மோசமாக இருந்தன. மீதியில் வேறுபாடு இல்லை. 2023இல் அதே மையம் வெளியிட்ட அறிக்கையில் நிலைமை மாறியிருந்தது: சராசரியாகப் பார்த்தால் சார்ட்டர் மாணவர்கள் வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம் கண்டிருந்தனர். பதினான்கு ஆண்டு இடைவெளியில் பல பலவீனமான பள்ளிகள் மூடப்பட்டன, இருந்தவற்றில் பல மேம்பட்டன. சிறிய ஆதாயம்தான். ஆனால் சராசரிக்குள்ளே பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தது. அந்தத் தூரத்துக்குக் காரணம் தேடிய ஆய்வுதான் நமக்குப் பயன்படும்.

வில் டாபி, ரோலண்ட் ஃப்ரையர் என்ற இரு பொருளியலாளர்கள் நியூயார்க் நகரின் 35 சார்ட்டர் பள்ளிகளுக்குள் நுழைந்து பார்த்தார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், மாணவர் என எல்லோரிடமும் பேசினார்கள், பாடத்திட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினார்கள், வகுப்புகளை ஒளிப்பதிவு செய்தார்கள். 2013இல் அச்சான அவர்களது கட்டுரை கண்டது இது: வகுப்பில் எத்தனை பேர், ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு, எத்தனை ஆசிரியருக்கு முறையான சான்றிதழ், எத்தனை பேருக்கு உயர்பட்டம் என்று நாம் வழக்கமாகத் தேடும் எதுவும் நல்ல பள்ளியை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. ஐந்து பழக்கங்கள் காட்டின. ஆசிரியர் வகுப்பை யாராவது அடிக்கடி பார்த்து என்ன திருத்தலாம் என்று சொல்வது. பிள்ளைகளின் தேர்வு விவரத்தை வைத்து அடுத்த வாரப் பாடத்தை மாற்றுவது. சிறு குழுவாக அமர்த்தி அடர்த்தியாகத் தனிப்பயிற்சி கொடுப்பது. படிப்பு நேரத்தைக் கூட்டுவது. இந்தப் பிள்ளைகளால் முடியும் என்ற உறுதியைப் பள்ளி முழுக்கக் கடைப்பிடிப்பது. பள்ளிகளுக்கிடையேயான வேறுபாட்டில் ஏறத்தாழ பாதியை இந்த ஐந்தே விளக்கின.

ஃப்ரையர் அதோடு நிற்கவில்லை. 2010-11 முதல் ஹூஸ்டன் நகரில் மிகவும் பின்தங்கிய 20 சாதாரண அரசுப் பள்ளிகளில் இந்த ஐந்தையும் புகுத்திப் பார்த்தார். கணக்கில் தெளிவான முன்னேற்றம் வந்தது. வாசிப்பில் பெரிதாக ஏதும் வரவில்லை. இந்த முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பழக்கங்களுக்கும் நிர்வாக வடிவத்துக்கும் கட்டாய உறவில்லை. அரசுப் பள்ளியிலும் அவை வேர்பிடிக்கும், தனியார் பள்ளியிலும் வாடிப்போகும். ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் பெறுமதி, இந்தப் பழக்கங்களைக் கேட்டுப் பெறும் கருவியாக அது இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்த ஐந்தையும் கொண்டுவந்து பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடு, மாநிலத்துக்கு 80. செஞ்சிப் பக்கம் மானாவாரி நிலம், மரக்காணம் பக்கம் உப்பளம், எங்கும் கரும்பு வெட்டும் கூலியும் செங்கல் சூளை முன்பணமும். பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குப் போகும் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. இத்தகைய ஊரில் சிறு குழுத் தனிப்பயிற்சி என்பது ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை.

அதை நாம் ஒருமுறை செய்தும் காட்டிவிட்டோம். பெருந்தொற்றுக்குப் பிறகு 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். உள்ளூரில் படித்த பெண்கள் தன்னார்வலராக வந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியம். இருபது பிள்ளைகள் அளவுக்கு ஒரு குழு. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ பாடம். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 2019இலேயே ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்து வைத்திருந்ததால், இழப்பையும் மீட்பையும் துல்லியமாக அளக்க முடிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்பில் ஏறத்தாழ கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது. ஏழைப் பிள்ளைகளே இதில் கூடுதலாகப் பயனடைந்தனர்.

உலகளவில் பேசப்பட வேண்டிய சாதனை இது. நியூயார்க்கில் தனிப்பயிற்சி என்பது ஆறு பேருக்கு மிகாத குழுவும் வாரம் நான்கு நாளும் என்று வரையறுக்கப்பட்டது, செலவும் பெரிது. நம்முடையது குழுவில் பெரியது, செலவில் மிகச் சிறியது, ஆனாலும் பலித்தது. பின்னர் மையங்கள் குறைக்கப்பட்டன, பெருந்தொற்றுக்காக வந்த திட்டம் பெருந்தொற்றோடு ஒதுங்கிவிடும் என்பது போல. நான் இதை ஏற்கவில்லை. மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு மாலையில் துணை இல்லை என்பது கொரோனா கொண்டுவந்த நிலைமை இல்லையே. உதவிபெறும் பள்ளிக்கோ கட்டணமில்லாப் பள்ளிக்கோ அரசு ஓர் ஒப்பந்தம் எழுதினால், அதில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்: பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தந்தக் குடியிருப்பிலேயே சிறு குழுப் பயிற்சி, அதை நடத்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஊதியம். படிப்பு நேரத்தைக் கூட்டும் பழக்கமும் அதிலேயே அடங்கிவிடும்.

தேர்வு விவரத்தை வைத்துப் பாடத்தை மாற்றுவது நமக்குப் புதிதில்லை. ரிஷிவேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் உருவான, பிள்ளை தன் நிலைக்கேற்ற அட்டையைக் கொண்டு கற்கும் முறையை அரசு அதிகாரி எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007 வாக்கில் அது செயல்வழிக் கற்றலாக மாநிலம் முழுக்கப் பரவியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. கருத்தில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆசிரியர்களிடம் பேசிப் பாருங்கள்: நிலையைக் கண்டுபிடிக்கும் நேரத்தைவிடச் செயலியில் பதிவேற்றும் நேரம் அதிகம் என்பார்கள். நியூயார்க்கின் நல்ல பள்ளியில் தேர்வு முடிந்ததும் அந்த விவரம் போய்ச் சேர்ந்தது அதே ஆசிரியரின் அடுத்த வாரத் திட்டத்துக்கு. நம்மிடம் அது சென்னைக்குப் போகிறது. திரும்பி வரும்போது பெரும்பாலும் கண்டிப்பாக வருகிறது.

ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்வதிலும் இதே சிக்கல்தான். வட்டாரக் கல்வி அலுவலர் ஆண்டாய்வுக்கு வருகிறார் என்றால் பள்ளிக்கு வெள்ளையடிக்கிறோம், பதிவேடுகளை நேர்செய்கிறோம், பாடக்குறிப்பேட்டில் விடுபட்ட பக்கங்களை இரவோடிரவாக நிரப்புகிறோம். அவர் பின் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து, “இந்தக் கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை அந்தப் பொண்ணு புரிஞ்சுக்கல சார், குச்சிக்கட்டு வச்சுச் சொல்லிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, பத்து நாளில் மறுபடி வந்து பார்ப்பதற்கு அவருக்கு நேரம் இல்லை. அவரது வேலைப் பட்டியலில் அது இல்லவும் இல்லை. நியூயார்க் ஆய்வு கண்ட நல்ல பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் பத்து முறைக்கு மேலும் இப்படிக் கருத்துக் கிடைத்தது. இது தலைமையாசிரியரின் வேலை. ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைத் தானே ஒருசேர நடத்திக்கொண்டு, சத்துணவுக் கணக்கும் எழுதிக்கொண்டு இதை எப்படிச் செய்வார்? அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலைத் தரையாக வைத்தார்கள். நாம் அதைக் கூரையாக்கிவிட்டோம். நெருங்கி இருக்கும் ஐந்தாறு சிறு பள்ளிகளுக்கு ஒரு மூத்த ஆசிரியரை, வேறு எந்தப் பொறுப்பும் தராமல், வகுப்புகளைப் பார்ப்பதற்கென்றே விடுவிப்பதுதான் எனக்குத் தெரிந்து நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

ரோசனைப் பள்ளியின் உறுதி

ஐந்தாவது பழக்கத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளால் முடியும் என்ற உறுதி. அமெரிக்கக் கட்டுரைகளில் இதைப் படிக்கும்போது சுவரில் ஒட்டும் வாசகம் போலத் தோன்றும். திண்டிவனத்தில் அதற்கு இரத்தமும் சதையும் உண்டு.

1990களில் செயற்பாட்டாளர் தியாகு உள்ளிட்டோர் அம்பத்தூரில் தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளி ஓர் இயக்கமாகப் பல ஊர்களுக்குப் பரவியது. ஆங்கில வழி மழலையர் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. தமிழ்வழியில் தரமாகக் கற்பிக்க முடியும் என்று காட்ட நினைத்தவர்கள் கைப்பணத்தைப் போட்டுப் பள்ளி தொடங்கினார்கள். திண்டிவனத்தில் அதற்கு இன்னொரு பரிமாணம் சேர்ந்தது. கல்யாணி 1990களிலிருந்தே இருளர் மக்களோடு நின்றவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர். காவல் நிலையத்தில் பொய் வழக்கு, சூளையில் கொத்தடிமை, சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைச்சல் என்று அந்த மக்களின் சிக்கல்களைத் தோளில் போட்டுக்கொண்டவர்களுக்கு, படிப்பு பாதியில் நின்றுபோன பிள்ளை வெறும் புள்ளிவிவரமாகத் தெரியாது. அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பிணையில் எடுத்தவர்களும் இவர்களாகவே இருக்கக்கூடும்.

பள்ளி நிர்வாகம் பற்றிய நூல்களில் பெற்றோர் பங்கேற்பு என்று ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். மாதக் கூட்டம், கையொப்பம், தேநீர். நம் சட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அதைப் புதிதாகக் கட்டியெழுப்பியது, தலைமையில் பெற்றோரை, குறிப்பாகத் தாய்மாரை அமர்த்தியது. அது நல்ல முயற்சிதான். எனினும் அன்றாடக் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரும் இருளர் தாய், தன் பேச்சு எடுபடும் என்று நம்புவதற்கு ஒரு காரணம் வேண்டும். சாதிச் சான்றிதழுக்காகத் தன்னோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்த ஆளே பள்ளியிலும் இருக்கிறார் என்பது அப்படி ஒரு காரணம். தேர்ந்த நிர்வாகப் பயிற்சி பெற்ற எந்த நிறுவனமும் இதை விலைக்கு வாங்க முடியாது. திண்டிவனத்திலிருந்து சார்ட்டர் பள்ளிக்காரர்கள் கற்கக்கூடியது ஏதேனும் உண்டென்றால் இதுதான்.

ஆனால் அன்பும் நம்பிக்கையும் ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுக்காது. நன்கொடையில் நடக்கும் பள்ளியில் ஆசிரியருக்கு அரசுச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும். நல்ல இளைஞர்கள் வருவார்கள், கற்பிக்கப் பழகுவார்கள், ஆசிரியர் தகுதித் தேர்வில் வென்றதும் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்த ஆள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாய்த்தமிழ்ப் பள்ளிகள் பல ஊர்களில் தொடங்கிச் சில ஊர்களிலேயே நிலைத்ததற்கு அர்ப்பணிப்பின் குறைவு காரணமில்லை. தமிழ்வழிக் கல்வியைப் போற்றும் ஆட்சிகள் மாறி மாறி வந்த மாநிலத்தில், கட்டணமே வாங்காத தமிழ்வழிப் பள்ளிக்கும் லட்சங்களில் கட்டணம் வாங்கும் பள்ளிக்கும் சட்டம் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது: சுயநிதி.

இதே மாவட்டத்தில் வானூர் வட்டத்தில் இன்னொரு காட்சி. ஆரோவில் சூழ்ந்த கிராமங்களின் பிள்ளைகளுக்காக இடையன்சாவடியில் உதவிப் பள்ளி, கோட்டக்கரைப் பக்கம் இசை அம்பலம் பள்ளி. ஆரோவில் 1988ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவதால், அங்கே கல்வி ஆய்வுக்கென உள்ள அமைப்பின் வழியாகப் பொதுப்பணம் வருகிறது. இப்பள்ளிகளில் சஞ்சீவ் ரங்கநாதன் தொடங்கிய ஸ்டெம் லேண்ட் கூடத்தில் பிள்ளைகள் அந்த வாரம் என்ன கற்பது என்று தாங்களே இலக்கு வைத்துக்கொள்கிறார்கள். இளம் பொறியாளர்கள் நாளில் ஒரு பகுதியை அவர்களோடு செலவிடுகிறார்கள். சோதனை செய்யும் சுதந்திரத்துக்கு நிதியும் கிடைத்தால் கிராமத்துப் பிள்ளை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அது சான்று. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் இடம். ஒரே மாவட்டத்தில் ஒரு முயற்சிக்குத் தனிச் சட்டம் கைகொடுக்கிறது, மற்றொன்றுக்குப் பொதுச் சட்டம் கைவிரிக்கிறது.

எப்படிப்பட்ட ஒப்பந்தம்?

கதவைத் திறந்துவிட்டால் யார் நுழைவார்கள் என்ற அச்சம் நியாயமானது. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா 93 அரசுப் பள்ளிகளை எட்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தது. ஓராண்டில் கற்றல் உயர்ந்தது உண்மை. ஆனால் ஓர் அமைப்பு, வகுப்பில் கூட்டம் அதிகம் என்று பிள்ளைகளை வெளியேற்றியது. தனக்கு வேண்டாத ஆசிரியர்களைப் பக்கத்துப் பள்ளிகளின் தலையில் கட்டியது. ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் வரி இல்லை. ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துச் சொன்னது, ஒப்பந்தத்தின் வாசகம்தான் விளைவைத் தீர்மானிக்கிறது என்பதே. நம் ஊரில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் தனியார் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு லைபீரியா வரை போக வேண்டிய தேவையில்லை.

ஆகவே என் நிலைப்பாட்டைத் திறந்து சொல்கிறேன். இயங்கும் எந்த அரசுப் பள்ளியையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. அரசுப் பள்ளிக்குரிய ஆசிரியரையும் நிதியையும் குறைத்து இதற்குத் தரவும் கூடாது. ஆனால் கட்டணம் வாங்காமல், சேர வரும் எந்தப் பிள்ளையையும் மறுக்காமல், விளிம்பிலுள்ள குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பள்ளி நடத்துவோருக்கு, 1991 என்ற ஆண்டைக் காட்டி இனியும் மறுப்பதற்கு நியாயமில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து நேராக ஆசிரியர் கணக்குக்கு. ஆசிரியர் இயக்கங்கள் போராடிப் பெற்ற அந்த ஒன்றில் கைவைக்கக் கூடாது. நியமனம், தகுதித் தேர்வில் வென்றோர் பட்டியலிலிருந்து, ஊரறிய நடக்கும் மாதிரி வகுப்பின் வழியாக. இடம் போதாவிட்டால் குலுக்கல். ஆண்டுக்கொருமுறை வெளியாட்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, முடிவை மேலாண்மைக் குழுவின் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஐந்தாண்டு முடிவில் பெற்றோரும் கல்வித் துறையும் சேர்ந்து நீட்டிக்கலாம், நிறுத்தலாம். நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பக்கத்து அரசுப் பள்ளி ஏற்கும். ஏற்கனவே மானியம் பெறும் எட்டாயிரம் பள்ளிகளுக்கும் இதே ஒப்பந்தத்தைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். அங்கே எதிர்ப்பு கடுமையாக இருக்கும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசமைப்பின் 30ஆம் பிரிவு தரும் உரிமையையும் மதித்தாக வேண்டும். கற்றலை அளந்து சொல்வது அந்த உரிமையை எவ்விதத்திலும் குறைக்காது என்பது என் கருத்து.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்க வேண்டும். விழுப்புரத்துக்கென்றே எழுத வேண்டிய வரி அது. பொங்கல் முடிந்ததும் இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். மழை தொடங்கினால்தான் திரும்புவார்கள். ஆகஸ்ட் முதல் தேதி தலையை எண்ணிப் பணியிடம் நிர்ணயிக்கும் முறையில், பிப்ரவரியில் அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லை என்பது எந்தக் கோப்பையும் எட்டாது. பள்ளிக்கு இழப்பில்லை, அலுவலகத்துக்குக் கேள்வியில்லை. ஆகஸ்டில் ஒருமுறையும் பிப்ரவரியில் ஒருமுறையும் எண்ண வேண்டும். பிப்ரவரியில் இல்லாத பிள்ளை எந்தச் சூளையில் இருக்கிறது என்று பள்ளி சொல்ல வேண்டும். அந்தச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் அதைச் சேர்த்தாலோ, ஊரிலேயே தங்கிப் படிக்க உண்டு உறைவிட வசதி செய்து கொடுத்தாலோ அதற்கான செலவை அரசு தர வேண்டும். ரோசனையில் இருப்பவர்களுக்கு அந்தச் சூளைகள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே தெரியும்.